கள்ளன் போகாத இடம்

"கள்ளன் அங்கன போயிட்டானா?" என்று கேட்டான் மாசாணம்.

ரேடியோவில் அவன் குரல் இரைச்சலுக்கு நடுவே நீந்தி வந்தது. பொன்சீலி மடியில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அவன் முந்தாநாளே போயாச்சு. நீங்க எங்கன வந்துக்கிட்டிருக்கீங்க? உங்க மகளுக்கு அப்பனைத் தேடுது."

இரைச்சல் மட்டும் வந்தது.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது." மறுபடியும் இரைச்சல். "இங்கன அவன் போகலயே, பொன்சீலி. முழு முகத்தையும் காட்டிக்கிட்டு மேலதான் நிக்கான்."

தட்டிக்கொண்டிருந்த கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றது.

புதன் கோளில் பகல் என்பது பூமிக் கணக்கில் மூன்று மாதம். இரவும் அவ்வளவே. பகலில் ஈயம் உருகும். இரவில் மூச்சு உறையும். அங்கே பாறைக்குள் குடைந்து கட்டிய கருக்கலூருக்கு, கோளின் எல்லா ஊர்களுக்கும் வாய்க்காத ஒரு விசித்திரம் வாய்த்திருந்தது. சூரியன் அங்கே இரண்டு முறை உதிக்கும்.

முதலில் நெற்றியை மட்டும் காட்டும். சில நாள் தயங்கி நிற்கும். பிறகு, எதையோ மறந்துவிட்டு வந்தவன் போல, வந்த வழியே கீழே இறங்கிவிடும். மறுபடி ஒரு வாரம் இருட்டு. அதன் பிறகு வருவதுதான் நிஜம். அது ஏறினால் மூன்று மாதம் இறங்காது. கோள் சூரியனுக்கு மிக அருகே வந்து வேகமெடுக்கும் நாட்களில் மட்டும் நடக்கிற கூத்து இது.

எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற முதல் சூரியனை ஊரார் கள்ளன் என்றார்கள். இரண்டாவதாக வருபவன் வீட்டுக்காரன்.

ஊரின் வேலை முழுவதும் கள்ளனை நம்பித்தான் நடந்தது. வெளியே சுரங்கக் குழிகளில் இருப்பவர்கள் கள்ளன் தலை தெரிந்ததும் கொட்டகைக்குள் பதுங்குவார்கள். அவன் போனதும் இருட்டோடு இருட்டாக ஊர் திரும்புவார்கள். 'கள்ளன் போனதும் வந்துருங்க' என்பது அங்கே வழியனுப்பும் வார்த்தை. மூன்று தலைமுறையாக அந்த வார்த்தை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. ஏனென்றால் மூன்று தலைமுறையாகக் குழிகள் எல்லாம் ஊருக்கு நேர் வடக்கிலும் நேர் தெற்கிலுமே இருந்தன.

இந்த இரவில்தான் முதல்முறையாகக் கிழக்கே ஒரு குழி. நூறு கிலோமீட்டர் தள்ளி.

"மறந்துட்டோம்," என்றான் மாசாணம். குரலில் பதற்றம் இல்லை. கோபம்கூட இல்லை. "கிழக்க வந்தா அவன் உசரத்துல நிப்பான். உங்களுக்கு நெத்தி தெரியும்போது எங்களுக்கு முழு மூஞ்சி. இறங்கத்தான் செய்தான். ஆனா மறையுத அளவுக்கு இறங்கல. இன்னும் ஒரு நா கழிச்சுத் திரும்ப ஏற ஆரம்பிச்சிருவான். இங்கன கள்ளனும் அவன்தான், வீட்டுக்காரனும் அவன்தான்."

"நான்தான் சொன்னேன்," என்றாள் பொன்சீலி. "வாசல்ல வச்சு நான்தான் சொல்லி அனுப்பினேன், கள்ளன் போனதும் வந்துருங்கன்னு."

"நீ சொன்ன, நான் தலையாட்டினேன். ஊரே கைகாட்டி அனுப்பிச்சு. அதை விடு."

"கொட்டகையில காத்து எவ்வளவு இருக்கு?"

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும். ஜைனம்பு இப்பவே பாதி மூச்சுதான் விடுதா, சிக்கனமாம்." பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ திட்டுவது கேட்டது. மாசாணம் சிரித்தான். "கிளம்புதோம். மேக்க வர வர அவன் தாழுவான். பாதி வழி தாண்டிட்டா பொழைச்சோம்."

"திறந்த வண்டியில, வெயில்லயா? நாங்க எதிர்க்க வாரோம், நீங்க..."

"எதுல வருவ?"

பொன்சீலி பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள்.

"நம்மகிட்ட இருக்கதெல்லாம் ராத்திரிச் சாமான், புள்ள. வெயில் தாங்குத சாமான் ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது உன் பொறுப்புல இருக்கு. அதுல கை வைக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்." இரைச்சல் கூடியது. "கொட்டகையை விட்டு வெளிய போனா ரேடியோ எட்டாது. வச்சிருதேன். பிள்ளைக்கு..."

அதோடு அறுந்தது.

அவன் சொன்ன அந்த ஒரே சாமான், ஊரின் வெளிக்கதவு.

*

மூன்று ஆள் உயரம். பாறையைப் போன்ற கனம். வெளிமுகம் முழுக்க வெள்ளி பூசிய தகடு. பூமியில் விழுவதைப் போலப் பத்து மடங்கு வெயிலை அப்படியே திருப்பியடிக்கும். நடுவில் தலையளவு கறுப்புக் கண்ணாடி. இரவில் பிறந்த பிள்ளைகளைக் கள்ளன் வரும் நாளில் தகப்பன் அந்தக் கண்ணாடி முன் தூக்கிக் காட்டுவான். இந்த முறை காட்டப்படாமல் மிச்சமிருந்தது மாசாணத்தின் மகள் மட்டும்தான். அப்பன் வரட்டும், வீட்டுக்காரனின் விளிம்பைக் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள்.

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே இருந்த வாசல் மண்டபத்தில் ஊர் கூடியது. பொதுக் காரியம் எதுவானாலும் அங்கேதான் பேச்சு. கை தூக்குகிற வழக்கம் கிடையாது. சம்மதம் உள்ளவர்கள் போய்க் கதவில் கை வைக்க வேண்டும்.

"அக்கா, கதவைக் குடுங்க," என்றான் செய்யது. டிராக்டர் ஓட்டுகிறவன். ஜைனம்புவின் தம்பி. "டிராக்டர் மூஞ்சியில நிமித்திக் கட்டுதேன். வெள்ளி அவனைப் பாத்து இருக்கட்டும், நாம பின்னால நிழல்ல இருந்துக்கிடலாம். போறது வாரது எல்லாம் ஒரே நாள்."

"திரும்பும்போது?"

"வண்டியைத் திருப்பவே மாட்டேன். ரிவர்ஸ்லயே வந்துருவேன்."

"நடுவழியில நின்னுபோனா?"

"நிக்காது அக்கா."

"நின்னுபோனா, செய்யது?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் சொல்லுதேன்," என்றாள் பொன்சீலி. வாசல் பொறுப்பு அவளுடையது. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "உள்கதவைச் சுத்தி இருக்கது வெறும் ரப்பர். வீட்டுக்காரன் ஏறுனதும் அது இளகும். காத்து வெளிய போகும். இருநூறு பேருக்கு மேல இருக்கோம். புதுக் கதவு பூமியில இருந்து வர ஒரு வருசம். கதவைக் கழட்டக் கூடாதுங்கதுதான் இந்த ஊரோட முதல் சட்டம்."

"உன் புருசன்மா அவன்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அதுக்காகத்தான் சொல்லுதேன். வேற யாரு மாட்டியிருந்தாலும் எனக்கு யோசிக்கத் தெம்பு இருந்திருக்கும். இப்ப எனக்கு யோசனையே ஓடல. புத்தி வேலை செய்யாதவ வாயில இருந்து சட்டம்தான் வரணும். வேற எது வந்தாலும் நம்பாதீங்க."

பிறகு எல்லோரும் பேசினார்கள். டிராக்டரின் பழுதுகளைப் பற்றி, ரப்பர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி, ஒரு காலத்தில் வடக்குக் குழியில் மாட்டிக்கொண்ட யாரையோ பற்றி. பேச்சு வளர்ந்தது. அங்கே வெயிலில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அறிந்தும் பேச்சு வளர்ந்தது.

ஊர்த் தலைவர் பால்துரை அண்ணாச்சி அதுவரை வாயைத் திறக்கவில்லை. சட்டென்று எழுந்தார்.

"கிழக்க குழி வெட்டலாம்னு சொன்னது யாரு? நான். வழியனுப்ப வந்தது யாரு? நாம எல்லாரும். ஒருத்தனுக்காவது உறைச்சுதா? மறந்தது ஊரு. அதுக்கு ரெண்டு பேர மட்டும் வேக விட்டுட்டு, நான் இங்கன குளுகுளுன்னு படுத்துக்கிட மாட்டேன்."

நேராகப் போய்க் கதவில் உள்ளங்கையைப் பதித்தார். அடுத்தது செய்யது. பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண். அப்புறம் வரிசை நிற்கவில்லை. இடம் போதாமல் ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்தார்கள்.

மண்டபத்தில் ஒரு கை மட்டும் மிஞ்சியது.

"பொன்சீலி?" என்றார் அண்ணாச்சி.

"என் கையில பிள்ளை இருக்கு அண்ணாச்சி."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அவள் கை கதவில் படவே இல்லை என்பதை ஊர் பார்த்தது; யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் பிள்ளையை அண்ணாச்சியின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கவச உடையை மாட்டிக்கொண்டு, பெரிய ஸ்பானரை எடுத்தவளும் அவள்தான். அந்தப் போல்ட்டுகளின் வரிசை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கழட்டுறது வேலை," என்றாள் செய்யதிடம். "அதைச் செய்யுதேன். சம்மதம்னு நினைச்சுக்கிடாத."

*

காற்றில்லாத கோளில் விடியலுக்குச் சிவப்பு கிடையாது. கறுப்பு வானம், கீழே அடிவானத்தில் முத்துப்போல ஒரு மங்கல். டிராக்டர் கிழக்கே ஊர்ந்தது. முன்னால் நிமிர்ந்து நின்ற கதவு எல்லாவற்றையும் மறைத்தது. அதன் நடுவிலிருந்த கறுப்புக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பொன்சீலி வழி சொன்னாள். செய்யது அவள் வார்த்தையை நம்பி ஓட்டினான்.

"இடது. கல்லு ஒண்ணு. நேரா. நேரா."

வெகு நேரத்துக்குப் பிறகு கண்ணாடியில் ஒரு நெருப்புக் கோடு தெரிந்தது. கள்ளனின் நெற்றி. அதற்குமேல் போகப் போக அது உயர்ந்தது. தரை இன்னும் இரவின் குளிரில்தான் இருந்தது. அவ்வளவு தாழ்வான சூரியனுக்குத் தரையைச் சுடத் தெரியாது. நிற்கிற பொருளைத்தான் சுடும். நிற்கிற கல்லை, நிற்கிற வண்டியை, நிற்கிற மனிதனை.

கதவின் ஓரங்களைத் தாண்டி வெளிச்சம் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்போல் ஓடியது. நடுவில் கதவின் நிழல். அந்த நிழலுக்குள் அவர்கள்.

"லாத்தா சின்ன வயசுல என்னைத் தூக்கிக்கிட்டு இந்தக் கண்ணாடிய எட்டிப் பாப்பா," என்றான் செய்யது. "என் அக்கா மாதிரி ஒரு பிடிவாதக்காரி இந்தக் கோள்ல கிடையாது. நடந்தாவது வந்துருவா."

"பேசாம ஓட்டு."

கொஞ்ச தூரம் போனதும் பொன்சீலி கையை உயர்த்தினாள். டிராக்டர் மெதுவானது.

தரையில் ஏதோ ஒன்று அவர்களை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. கறுப்பாக, மெலிதாக, அசைந்து அசைந்து. ஒரு நிழல். வருகிறவர்களின் முதுகில் சூரியன் இருந்தது. அதனால் ஆளுக்கு வெகு முன்பே நிழல் வந்துவிட்டது.

"ஆள் தெரியுதா?" செய்யதின் குரல் உடைந்தது. "எத்தனை பேரு அக்கா?"

அவள் கண்ணாடியோடு முகத்தை அழுத்திக்கொண்டாள். நிழல் ஒன்று. அதன் வாலில் அசைகிற கறுப்புப் புள்ளி ஒன்று.

"ஒண்ணு."

யார் என்று அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. சூரியனுக்கு எதிரே எல்லா மனிதரும் கறுப்புதான். அந்த உருவம் கிட்டே வர எடுத்துக்கொண்ட நேரத்தில், ஒரே டிராக்டரில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவர் நினைப்பதை மற்றவர் கேட்டுவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

உருவம் கதவைச் சுற்றி நிழலுக்குள் வந்தது. முழங்காலில் விழுந்தது.

"லாத்தா!" என்று கத்தியவன் உடனே வாயை மூடிக்கொண்டான். பொன்சீலியின் பக்கம் திரும்பவே அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஜைனம்புவின் முதுகில் குளிர்ப்பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. கவச உடைக்குள் ஆளை வேகாமல் காக்கும் பெட்டி. அதன் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் 'மா' என்று எழுதியிருந்தது. எழுதியவள் பொன்சீலி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

"எங்கன?" என்றாள் பொன்சீலி.

ஜைனம்பு கிழக்கே கை காட்டினாள்.

டிராக்டர் இன்னும் கொஞ்சம் முன்னே போனது. அவன் குப்புறக் கிடந்தான், மேற்கே பார்த்து, ஊரைப் பார்த்து. முதுகு வெறுமையாக இருந்தது. உடையின் பின்பக்கம் முழுக்கப் பழுப்பேறி உரிந்திருந்தது. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை.

கதவின் நிழல் அவன்மேல் விழும்படி செய்யது வண்டியை நிறுத்தினான். இப்போது அதில் பயன் ஏதும் இல்லை. ஆனாலும் நிறுத்தினான்.

*

திரும்பும் வழி முழுக்க டிராக்டர் பின்னோக்கியே ஓடியது. நிற்கவில்லை. கதவு சட்டத்தில் உட்கார்ந்தது. பொன்சீலி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாள். உதவிக்கு வந்தவர்களை விலக்கிவிட்டாள். மாசாணத்தை ஊருக்குப் பின்னால், வெயில் ஒருபோதும் எட்டாத பிளவில் வைத்தார்கள்.

வீட்டுக்காரன் வரும் நாள் வந்தது.

அவன் முதல் விளிம்பு தெரிந்ததும் கண்ணாடியின் மூடியை அடைத்துவிட வேண்டும். அதற்குள் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். ஊர் மண்டபத்தில் கூடியிருந்தது. தூக்கிக் காட்ட வேண்டிய தகப்பன் இல்லை.

"ஜைனம்பு தூக்கட்டும்," என்றார் அண்ணாச்சி. "அவன் குடுத்த உசுரு அவ."

ஜைனம்பு முன்னால் வந்தாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லிட்டுத் தூக்குதேன் மைனி. சொல்லாமத் தூக்குனா எனக்குக் கை நிக்காது."

"சொல்லு."

"பாதி வழிக்கு முன்னாலயே வண்டியோட பேட்டரி வெடிச்சு. என் பெட்டி அதுல போச்சு. மிஞ்சினது அண்ணனோடது மட்டும்தான். நான் சொன்னேன், நடக்க வேண்டாம், பெட்டியை மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டு உக்காந்திருவோம், அரை நாள் தாங்கும், அதுக்குள்ள கதவைக் கட்டிக்கிட்டு டிராக்டர் வரும்னு."

ஜைனம்பு பிள்ளையின் காலை மெல்லத் தொட்டாள்.

"அண்ணன் சிரிச்சார். 'கதவு பொன்சீலிகிட்ட இருக்கு. அவ கழட்ட மாட்டா. அந்தத் தைரியத்துலதான் ஊரே தூங்குது, நீ என்ன இன்னைக்குப் புதுசா'ன்னு கேட்டார். வருத்தமா சொல்லல மைனி. பெருமையா சொன்னார். ஒரு ஆளுக்குன்னா பெட்டி இருட்டு வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டார். என் முதுகுல மாட்டிவிட்டார். நடன்னார்."

"அவரு?"

"எனக்குப் பின்னாலயே ஒட்டி வந்தார், வெயில் எம்மேல படாம. முன்னால தரையில விழுந்த நிழல் அவரோடது. அதை மிதிச்சு மிதிச்சுத்தான் நடந்தேன். திரும்பிப் பாத்தா திட்டுவார். அதனால நிழலையே பாத்துக்கிட்டு வந்தேன். ஒரு இடத்துல..." அவள் தரையைக் காட்டினாள். "ஒரு இடத்துல பாத்தா, முன்னால கிடந்தது என்னோட நிழலு."

பொன்சீலி செய்யதின் பக்கம் திரும்பினாள்.

"வண்டி வெடிச்சதுல இருந்து நாம போய்ச் சேந்தது வரைக்கும். அரை நாள் ஆயிருக்குமா?"

டிராக்டரில் கடிகாரம் இருந்தது. அவன் எப்போதோ கணக்குப் போட்டு முடித்திருந்தான்.

"சொல்லு செய்யது."

"ஆகல அக்கா."

கண்ணாடியில் வெள்ளை ஊசிபோல ஒரு வெளிச்சம் ஏறியது. வீட்டுக்காரன்.

பொன்சீலி பிள்ளையை ஜைனம்புவின் கையில் வைத்தாள்.

"அவருக்கு என்னை நல்லாத் தெரியும்," என்றாள். "ஊரைத்தான் தெரியல."

ஜைனம்பு பிள்ளையைக் கண்ணாடி முன் தூக்கினாள். பிள்ளை கண்ணைச் சுருக்கி, தலையைத் திருப்பி, அவள் தோளின் இருட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. யாரோ விசும்பினார்கள். அண்ணாச்சி மூடியை அடைத்தார்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உள்கதவைச் சாத்தும் முன் அண்ணாச்சி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சாத்திவிட்டுப் போனார்.

பொன்சீலி வெளிக்கதவின் முன் நின்றாள். இருநூறு கைகள் பதிந்த இடம். தன் வலது உள்ளங்கையை அதில் வைத்தாள்.

கதவு முதலில் சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் வெயில் ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கமும் கதகதப்பானது. பிறகு சுட்டது.

அவள் கையை எடுக்கவில்லை.